ஆச்சு என்னும் துணைவினை

அந்த இயந்திரத்துக்குத் தமிழ் கற்பித்தவர்கள் ஏழு பேர். அவர்களுள், ‘சாப்பிட்டாச்சு’ என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதிக் கொடுத்தவள் தவமலர்.

எழுதியபோது அவளுக்கு ஐயமேதும் எழவில்லை. யாழ்ப்பாணத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவள் அவள். கனடாவின் அந்தப் பெருநகரத்துக்கு வந்து இருபது ஆண்டுகள் பலசரக்குக் கிடங்கிலும் முதியோர் இல்லத்திலும் உழைத்த பின்னர், அந்தப் பட்டத்தை மதித்து ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. ஆகவே மிகுந்த சிரத்தையோடு செய்தாள். ‘ஆச்சு’ என்பது செயல் முற்றுப்பெற்றதை உணர்த்தும் துணைவினை. ‘சாப்பிட்டாச்சு’ என்றால், பேசுகிறவர் உண்டு முடித்துவிட்டார். எடுத்துக்காட்டாக ‘எழுதியாச்சு’, ‘குளிச்சாச்சு’ என்பவற்றையும் சேர்த்து, ‘ஐயத்துக்கு இடமற்றது’ என்னும் கட்டத்தில் குறியிட்டு அனுப்பினாள். இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

அது 2038ஆம் ஆண்டு. அந்நகரத்தில் உணவுக்குக் குறைவு என்பதே கிடையாது. கடைகளில் பழங்கள் மலைபோல் குவிந்திருந்தன. அன்றைக்கு விலைபோகாத பாண்ரொட்டி அன்றைக்கே குப்பை வண்டியில் ஏறிற்று. ஆயினும் உழைத்துக் களைத்த மனிதர்கள் பலர் அக்கடைகளைக் கடந்து வெறுங்கையோடு வீடு சென்றார்கள். இலவச உணவு வழங்கும் மண்டபங்கள் இருந்தன. அவற்றின் முன்னே பனியில் பையும் கையுமாக வரிசையில் நிற்கவேண்டும். உள்ளே சென்றால் வருமானத்தையும் வறுமையையும் படிவத்தில் நிரப்பவேண்டும். வெட்கத்தினால் வராமலிருந்தவர்களே மிகுந்த தேவையுள்ளவர்களாக இருந்தார்கள். அந்த வெட்கத்தை ஒழிப்பதற்காகவே அரசின் ஏற்பாட்டில் ஒரு நிறுவனம் அந்த இயந்திரத்தை உருவாக்கியது.

தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவள் ஆரணி என்னும் இளம்பொறியியலாளர். அந்நாட்டிலேயே பிறந்தவள். முதல் நாளிலேயே அவள் தவமலரிடம் ஆர்வம் பொங்கச் சொன்னாள்.

“ஃபோம் நிரப்பத் தேவையில்லை அன்ரி. லைனிலை நிக்கத் தேவையில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு ஃபோன் கோல் வரும், அவையின்ரை பாசையிலை. அம்மா கேக்கிறமாதிரிக் கேக்கும், சுகமோ, சாப்பிட்டாச்சோ எண்டு. பதிலை வைச்சு, ஆருக்குப் பசி எண்டு அதுவே கண்டுபிடிச்சு, விடியக்கிடையிலை அவையின்ரை அட்டையிலை சாப்பாட்டுக்குக் காசு போட்டுவிடும். ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் கையேந்தத் தேவையில்லை.”

“நல்ல விசயம்தான் பிள்ளை.”

“எனக்கு விளங்காதது ஒண்டுதான். இவ்வளவு சாப்பாடு இருக்கிற நாட்டிலை, வேலைக்கும் போய்க்கொண்டு, ஏன் சனம் பசியோடை இருக்குது?”

தவமலர் சற்றே சிரித்தாள். “வாடகையைக் குறைச்சுக் குடுக்கேலாது. பஸ்ஸுக்குக் குறைச்சுக் குடுக்கேலாது. ஃபோனை வெட்டினால் வேலைக்குக் கூப்பிடமாட்டாங்கள். குறைச்சாலும் ஒருத்தரும் வந்து கதவிலை தட்டாத சாமான் சாப்பாடு ஒண்டுதான். அப்ப அதைத்தானே குறைப்பினம்?”

ஆரணி அதை ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டாள். குறித்து முடித்ததும் நிமிர்ந்து, “இனி அப்பிடி இராது அன்ரி” என்றாள். அவள் கண்களில் பொய்யில்லை.

மூன்று ஆண்டுகள் சென்றன. ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் அத்திட்டம் பெருவெற்றி பெற்றது. அட்டைக்கு ஐந்து படிகள் வகுத்திருந்தார்கள். ஐந்தாம் படியில் ஒரு குடும்பம் வயிறார உண்ணலாம். முதற்படியில் ஒரு பாணும் ஒரு பை பாலும் வாங்கலாம். தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை முதற்படியிலேயே இருந்தன. ‘உணவில் தன்னிறைவு கண்ட சமூகம்’ என்று ஓர் ஆண்டறிக்கை அவர்களைப் பாராட்டிற்று. அதைத் தமிழில் பெயர்த்தவளும் தவமலர்தான்.

தவமலருடைய வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவர் குலமணியக்கா. ஐம்பத்தெட்டு வயது, கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஒரு ஹோட்டலிலே படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. மடிக்கும் இயந்திரம் வந்தபின் வாரத்தில் மூன்று நாள் வேலை இரண்டாயிற்று; வாடகையோ ஆண்டுதோறும் ஏறிற்று. பதினேழு மாடிகள் கொண்ட அக்கட்டடத்தில் சுவர்கள் மெல்லியவை. மாலை ஆறு மணிக்கு அப்பக்கத்துத் தொலைபேசி ஒலிப்பதும், குலமணியக்கா “சொல்லு பிள்ளை” என்று எடுப்பதும் தவமலருக்கு நன்கு கேட்கும். சொற்கள் தெளிவாகக் கேளா; சிரிப்பு மட்டும் கேட்கும். பேச்சுத் துணையாவது கிடைத்ததே என்று தவமலர் எண்ணிக்கொள்வாள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையிலே குலமணியக்கா மயங்கி விழுந்தார். தற்செயலாக அங்கே சென்ற தவமலரே அம்புலன்ஸை அழைத்து, கூடவே சென்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி வந்து, நோயாளி கடைசியாக எப்போது உணவு உண்டார் என்று ஆங்கிலத்தில் வினவினாள்.

“அக்கா, கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறா.”

உதடுகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. “சாப்பிட்டாச்சு எண்டு சொல்லு” என்றார் குலமணியக்கா.

“எப்ப?”

“எடி, சாப்பிட்டாச்சு எண்டு சொல்லன். ஏன் அந்தப் பிள்ளையை மினக்கெடுத்திறாய்?”

‘உண்டுவிட்டார்’ என்று மொழிபெயர்க்க வாயெடுத்தாள் தவமலர். அதற்குள் தாதி, இரத்தப் பரிசோதனை காட்டும் சிறு திரையை அவள் பக்கமாகத் திருப்பினாள். நேற்று முற்பகலுக்குப் பின் இவர் எதுவும் உண்டதாகத் தெரியவில்லை என்றும், அந்நிலையில் சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசியை வழமைபோல் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றும், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இவ்வாறு பேசிக்கொண்டிருக்க இயலாது என்றும் அவள் நிதானமாகக் கூறினாள்.

தோடம்பழச் சாறு வந்தது. குலமணியக்கா பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் தவமலரிடம் நீட்டினார்.

“இந்தா. நீயும் விடிய வந்தனி. முகம் வாடிப்போய்க் கிடக்குது.”

“வேண்டாமக்கா. நீங்கள் குடியுங்கோ.”

“அந்தப் பின்னேரக் கோல் எடுக்கிற பிள்ளைக்கு இதுகள் ஒண்டும் தெரியவேண்டாம். பாவம், அதுக்குக் கவலையாப் போடும்.”

திங்கட்கிழமை காலையில் தவமலர் தன் கணினியின் முன் அமர்ந்தாள். இயந்திரத்துக்குப் பொருள் விளங்காத உரையாடல்களைக் கேட்டுத் திருத்துவதே அவளுடைய அன்றாட வேலை. ஒவ்வோர் உரையாடலுக்கும் இவ்வளவு என்று கூலி. இயந்திரம் தமிழில் தேறத் தேற, விளங்காதவை குறைந்தன, கூலியும் குறைந்தது. நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் அட்டை பெறக்கூடாது என்பது விதி. ஆகவே சில காலமாக மதிய உணவை அவள் தேநீரோடு முடித்துக்கொண்டிருந்தாள்.

குலமணியக்காவின் உரையாடல் எதுவும் இதுகாறும் அவளிடம் வந்ததில்லை. அதன் காரணம் இப்போது விளங்கிற்று. ஐயத்துக்கு இடமற்றவற்றை எந்த மனிதரும் கேட்பதில்லை. அத்தகையவை சேமிக்கப்பட்டிருந்த களஞ்சியத்தை அவள் திறந்தாள். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டுமே. எனினும் அந்தக் குரலைக் கண்டுபிடிக்க நெடுநேரம் செல்லவில்லை.

“வணக்கம் அக்கா. எப்பிடிச் சுகம்? இண்டைக்குச் சாப்பிட்டாச்சோ?”

“ஓம் பிள்ளை, சாப்பிட்டாச்சு. நீ சாப்பிட்டியோ?”

“ஓம் அக்கா, சாப்பிட்டாச்சு.”

“நல்லது. நேரத்துக்குச் சாப்பிட்டுவிடவேணும். குரல் கொஞ்சம் சோந்துபோய்க் கிடக்குது, அதுதான் கேட்டனான்.”

அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாளும் அதே. பதினொரு மாதங்கள்! ஒரு நாளாவது குலமணியக்கா இயந்திரத்தைத் திருப்பிக் கேளாமல் விட்டதில்லை. ஒரு நாளாவது இயந்திரம் தான் உண்ணவில்லை என்று சொன்னதுமில்லை. ஒவ்வொரு பதிலின் கீழும் பச்சை எழுத்தில் ‘உண்டார்’ என்று பதிந்திருந்தது. அந்தச் சொல்லுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது, தவமலர் மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய பொருள்.

நண்பகலில் அவள் ஆரணியின் அறைக்குச் சென்றாள். ஆரணி உணவுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். தேங்காய்ப்பூவின் மணம் அறையெங்கும் பரவிற்று.

“வாங்கோ அன்ரி! அம்மா புட்டு அவிச்சுத் தந்தவ, கனக்க இருக்கு. கொஞ்சம் சாப்பிடுங்கோ.”

“இல்லைப் பிள்ளை. சாப்பிட்டாச்சு.”

சொல்லி வாய் மூடுமுன் தவமலருக்குத் திடுக்கிட்டது. முதல் நாள் மாலையில் இரண்டு பிஸ்கட்டுகள் தின்றதோடு சரி. அவளைக் கேட்டு அந்தச் சொல் வரவில்லை. காலில் முள் தைத்தால் கால் தானாக மடங்குவதுபோல் அது தானாக வந்தது. நாற்காலியைப் பற்றிக்கொண்டு அமர்ந்தாள்.

“என்ன அன்ரி, ஒருமாதிரி இருக்கிறீங்கள்?”

“இதை ஒருக்காக் கேள் பிள்ளை.”

ஆரணி அந்த உரையாடலைக் கேட்டாள். சிரித்தாள். “சோ ஸ்வீட். மெஷினிட்டைக் கேக்கிறா சாப்பிட்டியோ எண்டு!”

“மெஷின் என்ன சொன்னது?”

“சாப்பிட்டாச்சு எண்டு.”

“அது சாப்பிட்டதோ?”

“அன்ரி, அது பொலைட்டா இருக்கிறதுக்கு நாங்கள் போட்டு வைச்சது. மெஷின் சாப்பிடாது எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். வயிறே இல்லாத ஒண்டு மரியாதைக்கு அந்தச் சொல்லைச் சொல்லலாம் எண்டு உங்கடை மெஷினுக்குத் தெரிஞ்சிருக்குது. அந்த அக்கா மரியாதைக்குச் சொன்னால் மட்டும், சாப்பிட்டா எண்டு எழுதுது. முந்தநாள் அவ செத்துப்போயிருப்பா, பிள்ளை.”

ஆரணியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“அப்ப... அந்தச் சொல்லுக்கு என்னதான் கருத்து அன்ரி?”

“எனக்காக நீ கவலைப்படாதை. அவ்வளவுதான் கருத்து. சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“ஏன் நீங்கள் அப்பிடி எழுதித் தரேல்லை?”

இக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. அறியும் ஆவல் மட்டுமே இருந்தது. தேர்வுத்தாளில் முழுப் புள்ளியும் பெற்றுத் தரக்கூடிய விடையைத்தான் தவமலர் எழுதியிருந்தாள்.

ஆரணி உணவுப் பெட்டியை மூடிவிட்டு மெல்லக் கேட்டாள். “இப்பிடி எத்தினை பேர் இருப்பினம்?”

“எங்கடை ஆக்கள் முழுப்பேரும்.”

ஆரணி கெட்டிக்காரி, நல்லவளுங்கூட. அன்று பிற்பகலே ஒரு வழி கண்டாள். ‘சாப்பிட்டாச்சு’ என்று பதில் வந்தால், ‘என்ன சாப்பிட்டனீங்கள்?’ என்று இரண்டாவது கேள்வி கேட்குமாறு இயந்திரத்தை மாற்றினாள். உண்ணாதவர்கள் அங்கே தடுமாறுவார்கள். தடுமாற்றத்தை இயந்திரம் உணர்ந்துகொள்ளும் என்பது அவளுடைய எண்ணம்.

அதற்குள் வீடு திரும்பியிருந்த குலமணியக்கா தடுமாறவில்லை.

“என்ன சாப்பிட்டனானோ? காலமை இடியப்பமும் சொதியும், பிள்ளை. மத்தியானம் குத்தரிசிச் சோறு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. கத்தரிக்காயை நல்ல பொன்னிறமாப் பொரிச்சு, தேசிக்காய் விட்டு ஒரு பாற்கறி. பின்னேரம் ரெண்டு வடை.”

“நல்ல சாப்பாடு அக்கா! உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதாலை, வடையைக் கொஞ்சம் குறைச்சால் நல்லது.”

“சரி பிள்ளை. நாளைக்கு ஒண்டோடை நிப்பாட்டுறன்.”

மறுநாள் சொன்னபடியே ஒரு வடையோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் கூழும் ஒடியல்மாவும் நண்டும் வந்து சேர்ந்தன. அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியைத் தவமலர் இதற்குமுன் கேட்டதில்லை. ஒவ்வொரு கறிக்கும் தாளிதம் உட்பட விவரம் சொல்லப்பட்டது. இயந்திரம் அவ்வளவையும் நம்பி, ஊட்டச்சத்துக் கணக்கிட்டு, ‘மிகையுணவு’ என்று எழுதிற்று. வேலைக்கு ஒருமுறை கேட்டால் போதுமானதை, தவமலர் மூன்று முறை கேட்டாள். வாயில் நீர் ஊறியது, அதற்காக வெட்கப்பட்டாள்.

“இனி ஒரே ஒரு வழிதான் அன்ரி” என்றாள் ஆரணி. “நீங்கள் கேட்டு மார்க் பண்ணவேணும். மூண்டு பெட்டி இருக்கு. உண்மை, உண்மைக்குப் புறம்பு, ஐயம்.”

“நாலாவதா ஒரு பெட்டி போடேலாதோ? மரியாதை எண்டு?”

“கேட்டுப் பாத்தனான். மேலிடத்திலை சிரிக்கினம். மரியாதை எண்டு வந்தால் அட்டையிலை எவ்வளவு போடுறது எண்டு கேக்கினம்.”

“ஐயம் எண்டு போட்டால்?”

“குசினியிலை அடுப்புக்கு மேலை கமரா பூட்டுவினம்.”

“புறம்பு எண்டு போட்டால்?”

“உடனை அஞ்சாம் படி. பசியை ஒளிக்கிறவைக்குத்தான் தேவை கூட எண்டு மெஷினுக்கு நாங்கள் சொல்லி வைச்சிருக்கிறம். ஆனா...” ஆரணி தயங்கினாள். “பொய் எண்டு பதிஞ்சால் கட்டாயம் கடிதம் போகும் அன்ரி. அது சட்டம். என்னாலை நிப்பாட்டேலாது.”

தவமலர் வீட்டுக்கு வந்தாள். அவ்வாரத்தில் இருமுறை, படிக்கட்டில் குலமணியக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று மூச்சு வாங்குவதைக் கண்டாள். “லிஃப்ட் இருக்க ஏனக்கா?” என்று கேட்டதற்கு, “உடம்புக்கு நல்லதாம்” என்று பதில் வந்தது. தொடர்ந்து, “நீ சாப்பிட்டியோ?” என்ற கேள்வியும் வந்தது.

இரண்டாம் முறை கண்டதன் மறுநாள் காலையில் அவள் குறியிட்டாள். ‘உண்மைக்குப் புறம்பு’ என்னும் கட்டத்தில் ஒவ்வொன்றாக, பதினொரு மாதங்களுக்கும். இடியப்பத்துக்கும் விளைமீனுக்கும் பொன்னிறக் கத்தரிக்காய்க்கும் குறியிட்டாள். குலமணியக்காவோடு அவள் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்துவது நீதியாகாது என்று நினைத்தாள். அவள் இட்ட குறிகளைப் பார்த்து இயந்திரமும் கற்றுக்கொண்டது. மாத முடிவுக்குள் நகரத்தின் தமிழ் வீடுகள் அனைத்துக்கும் அதுவே குறியிட்டுவிட்டது.

கடிதம் வந்த அன்றே குலமணியக்கா அதை எடுத்துக்கொண்டு தவமலரிடம் வந்தார்.

“இங்கிலீசிலை கிடக்குது. என்னவாம் எண்டு பார்.”

தவமலர் பார்த்தாள். ‘தாங்கள் தொடர்ந்து உண்மைக்குப் புறம்பான தகவல் அளித்தமை எமது பதிவுகளில் உறுதிசெய்யப்பட்டுள்ளது’ என்று தொடங்கியது அது.

“அட்டையிலை கூட்டியிருக்கினமாம் அக்கா. அஞ்சாம் படியாம். இனி விரும்பினதை வாங்கலாம்.”

“இவ்வளவு நீட்டுக்கு அதுதானோ எழுதிக் கிடக்குது?”

“கவண்மேந்துக் கடிதம் அப்பிடித்தானே.”

குலமணியக்கா அன்றைக்கே கடைக்குச் சென்றார். அரிசியும் மீனும் கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு பணம் செலுத்தும் இடத்துக்கு வந்தபோது, அங்கே ஒரே ஆரவாரமாக இருந்ததாம். கையில் அதே கடிதத்தோடு நாலைந்து பேர் நின்றிருக்கிறார்கள். ஒரு மனிதர் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, “பொய்க்காரன் எண்டு வீட்டிலை மனுசிதான் சொல்லிக்கொண்டிருந்தவ. இப்ப கவண்மேந்தும் எழுத்திலை தந்திட்டுது. பிரேம் போட்டு மாட்டப்போறன்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். குலமணியக்கா, “என்ன கடிதம், தம்பி?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வாசித்துக் காட்டியிருக்கிறார், ஒரு வரி விடாமல்.

எடுத்த பொருள்களை அங்கேயே வைத்துவிட்டு வந்து, தவமலரின் கதவைத் தட்டினார்.

“நீ ஏன் எனக்குச் சரியா வாசிச்சுச் சொல்லேல்லை?”

“அக்கா, உள்ளுக்கு வாங்கோ.”

“நான் என்ன பொய்யடி சொன்னனான்? ஆற்றை சொத்தைச் சுருட்டினனான்? ஒரு பிள்ளை அக்கறையாக் கேட்டுது, அது கவலைப்படக்கூடாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னனான். அது பொய்யோ? எந்தக் கோதாரி விழுவான் உதை எழுதினவன்?”

மறைத்துவிடலாம். ஆரணியின் பெயரைச் சொல்லலாம், இயந்திரத்தின்மீது பழி போடலாம்.

“நான்தான் அக்கா.”

குலமணியக்கா அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தவமலர் தாங்கியிருப்பாள். யாரோ அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“பொய்க்காரி எண்ட பேரை வாங்கிப்போட்டு, அந்தப் பேருக்குக் கிடைச்ச சோத்தை நான் தின்னமாட்டன்” என்றார். அட்டையைத் தவமலரின் கையிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சுவருக்கு அப்பால் தொலைபேசி ஒலித்தது. எடுப்பார் இல்லை. அடுத்த நாளும் ஒலித்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் தவமலர் ஆரணியைக் கூப்பிட்டு, பதில் இல்லாத வீடுகளை இயந்திரம் என்ன செய்யும் என்று கேட்டாள். பத்து நாள்களில் பதிவிலிருந்து நீக்கிவிடும் என்றாள் ஆரணி. தமிழ் வீடுகளில் பாதிக்குமேல் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டன என்று கூறினாள்.

தவமலர் பாணும் பாலும் வாங்கி அந்த வாசலில் வைத்தாள். அவை மறுநாள் அவளுடைய வாசலுக்கே திரும்பி வந்திருந்தன. ஒரு மாம்பழத்தைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் மூலம் கொடுத்தனுப்பினாள். ‘சாப்பிட்டாச்சாம்’ என்று மாம்பழம் திரும்பிற்று. ஊசி மட்டும் நாள்தோறும் தவறாமல் போடப்படும் என்பதை அவள் அறிவாள். அந்த எண்ணம் அவளை எந்த வேலையிலும் நிலைகொள்ள விடவில்லை.

ஐந்தாம் நாள் மாலையில் அவள் அந்தக் கதவைத் தட்டினாள். சங்கிலி பூட்டியபடியே கதவு நாலு விரற்கடை திறந்தது.

“என்ன?”

மன்னிப்புக் கேட்பதற்கென்று அவள் நல்ல வாக்கியங்களை அமைத்து வைத்திருந்தாள். தாதி சொன்னவற்றை எடுத்துரைக்கவும் எண்ணியிருந்தாள். கதவின் இடுக்கில் தெரிந்த அந்த முகத்தின் மெலிவைக் கண்டதும் யாவும் மறந்துபோயின. காலையிலிருந்து அவளும் தேநீரைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்குப் பசிக்குது.”

அந்த வாக்கியத்தைக் கடைசியாகத் தன் வாயால் சொன்னது எந்த வயதில் என்று அவளுக்கு நினைவில்லை. அது அந்த நடைபாதையில் மிகவும் உரக்கக் கேட்டதுபோல் தோன்றிற்று.

குலமணியக்கா அசையவில்லை. “என்ன சொன்னனி?”

“பசிக்குது. ரெண்டு மூண்டு மாசமா மத்தியானத்திலை நான் ஒண்டும் சாப்பிடுறேல்லை. எங்களுக்கு அட்டை தரமாட்டினம். நேற்று இரவும் சாப்பிடேல்லை.”

கதவு மூடிற்று. சங்கிலி கழலும் ஓசை கேட்டது. கதவு முழுவதுமாகத் திறந்தது. குலமணியக்கா அவளுடைய மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்து, குசினிக் கதிரையில் அமர்த்தினார். அலுமாரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடினார். உள்ளே உப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, ஒரு போத்தலின் அடியில் ஒரு கை பருப்பு இருந்தது. தன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை இதுவரை அறியாதவர்போல் அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கையை நீட்டினார்.

“கொண்டா அந்த அட்டையை.”

தவமலர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குலமணியக்கா குளிரங்கியை மாட்டிக்கொண்டார். ஒரு கை உள்ளே நுழைந்தது. மற்றக் கை வழி காணாமல் பின்னால் துழாவிற்று. அந்நிலையிலேயே திரும்பி நின்று ஏசினார்.

“பசிச்சால் வாயைத் துறந்து சொல்லவேண்டாமோ? வெக்கப்பட்டுக்கொண்டு உள்ளுக்கை வைச்சிருந்தால் ஆருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டிலை ஒருத்தி இருக்கிறன் எல்லே! படிச்ச பிள்ளை எண்டு பேர்தான், ஒரு அறிவு இல்லை.”

“ஓமக்கா.”

“மீன் சாப்பிடுவாய்தானே?”

“சாப்பிடுவன்.”

“இரு. எழும்பாதை. மயங்கி விழுந்து துலைக்கப்போறாய்.”

கதவு சாத்தப்பட்டது. செருப்பின் ஓசை நடைபாதையில் தேய்ந்து, லிஃப்ட் இறங்கும் இரைச்சலோடு கலந்து மறைந்தது. தவமலர் சொன்னபடி சற்று நேரம் கதிரையிலேயே இருந்தாள். பின்பு எழுந்து, இருந்த ஒரே பானையைக் கழுவி, அடுப்பை மூட்டி, உலைக்குத் தண்ணீர் வைத்தாள்.